கழுத்தில் நாலு அரிசி

இந்தப் பக்கத்தில் வழக்கமாக ஆபீஸ் அக்கப்போர்தான் எழுதுவேன். இந்த வாரம் ஒரு மாறுதலுக்கு, என் உடம்புக்குள் நடந்த அக்கப்போர். கவலைப்படாதீர்கள், இதிலும் ஓவர்டைம், டிரான்ஸ்ஃபர், ஃபிக்ஸட் டெபாசிட் எல்லாம் உண்டு.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கினேன். ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதிக்கவில்லை. ஃபுட்போர்டில் தொங்கவில்லை. பஸ் நன்றாக நின்றிருந்தது. எனக்கு அப்போது வயசு முப்பத்து நாலு. இடது காலைத் தரையில் ஊன்றினேன். 'மளுக்' என்று ஒரு சத்தம், அப்பளம் உடைகிற மாதிரி. பின்னால் இறங்கிய அம்மாள், "தம்பி, செருப்பு அறுந்துடுச்சா?" என்றார். குனிந்து பார்த்தேன். செருப்பு ஜோராக இருந்தது. கால்தான் சரியில்லை.

எக்ஸ்ரேயில், சுண்டுவிரலுக்குப் போகும் பாத எலும்பில் ஒரு கோடு. எலும்பு டாக்டர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எங்கேருந்து விழுந்தீங்க?"

"விழலை டாக்டர். இறங்கினேன்."

"மாடியிலேருந்தா?"

"பஸ்லேருந்து. நின்னுட்டிருந்த பஸ்."

வலி மாத்திரை எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?"

"மூணு வருஷமா சாப்பிடறேன். கிட்னி மாத்தியிருக்கு."

சீட்டைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். "இதை முதல்ல சொல்ல வேணாமா சார்? நான் எழுதின வலி மாத்திரை உங்க கிட்னிக்கு ஆகவே ஆகாது!"

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லியிருக்க வேண்டிய விஷயம். சொல்லாதது என் தப்பு. அவர் அடுத்துக் கேட்டதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "கிட்னி மாத்தினப்புறம் எலும்பு எப்படி இருக்குன்னு எப்பவாவது பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. எதற்குப் பார்க்கணும்? கிட்னி இருப்பது வயிற்றில், எலும்பு இருப்பது காலில். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்? அக்ரஹாரத்துக்கும் ஐஸ் ஃபேக்டரிக்கும் உள்ள சம்பந்தம்தானே!

* * *

ஒரு ஃப்ளாஷ்பேக்.

இருபத்தேழு வயசில் என் ரெண்டு கிட்னியும் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு போய்விட்டன. வாரம் மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸ். முதல் மாசமே அக்கா வந்து நின்றாள். "எங்கிட்ட ரெண்டு இருக்கு, ஒண்ணு எடுத்துக்கோடா" என்றாள், ஏதோ பக்கத்து வீட்டுக்கு எவர்சில்வர் குடம் இரவல் தருகிற மாதிரி.

நான் வேண்டாம் என்றேன். அவளுக்கு ரெண்டு குழந்தைகள், மாமியார், மச்சினர் என்று ஒரு பெரிய குடும்பம். நாளைக்கு அவளுக்கு ஏதாவது ஒன்று என்றால் யார் முகத்தில் முழிப்பது? "டயாலிசிஸ் பழகிடுச்சுக்கா, ஜம்முனு இருக்கேன்" என்று சினிமா ஹீரோ மாதிரி வசனம் பேசினேன். நாலு வருஷம் பேசினேன். நாலாவது வருஷக் கடைசியில் அவள் என்னைக் கேட்காமலே ரத்தப் பரிசோதனை எல்லாம் முடித்து, ஃபைலோடு வந்து இறங்கினாள். அப்புறம் என்ன பேச்சு? மாற்றினார்கள்.

அன்றிலிருந்து நான் கிரியேட்டினின் பக்தன் ஆனேன். ரத்தத்தில் சேரும் கழிவு அது. அது குறைவாக இருந்தால் கிட்னி ஒழுங்காக வேலை பார்க்கிறது என்று அர்த்தம். ஆபீஸில் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி கேட்பார்கள்: "என்னப்பா ஸ்கோர்?" நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "ஒன் பாயிண்ட் ஒன், நாட் அவுட்!" என்பேன். ரிப்போர்ட்டில் மற்ற வரிகளைப் படிப்பதே இல்லை.

பொய் சொல்லக்கூடாது, ஒரு தடவை படித்தேன். கால்சியம் 10.9 என்று தடித்த எழுத்தில் இருந்தது. "பார்த்தியா, நமக்கு கால்சியமே ஜாஸ்தி! எலும்பு தேக்கு மாதிரி!" என்று செக்ஷன் முழுக்கப் பெருமை அடித்தேன்.

அது பெருமை இல்லை சார். என் வீடு ஏலத்துக்குப் போகிற நோட்டீஸ்.

* * *

கிட்னியை நாம் வெறும் வடிகட்டி என்று நினைக்கிறோம். அது போர்டில் எழுதியிருக்கிற உத்தியோகம்தான். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரே குமாஸ்தா நாலு மேஜையைக் கவனிக்கிற கதை. ரத்தம் தயாரிக்கச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்கு ஹார்மோன் மூலம் ஆர்டர் போடுவது அதுதான். வைட்டமின் டியை வேலைக்கு லாயக்காக்கும் கடைசிக் கையெழுத்தும் பெரும்பாலும் அதனுடையதுதான். சாப்பாட்டில் வரும் பாஸ்பரஸில் மிச்சத்தை வெளியே அனுப்பும் டெஸ்பாட்ச் செக்ஷனும் அதுதான்.

குமாஸ்தா லீவில் போனால் டயாலிசிஸ் மிஷின் தற்காலிகமாக வருகிறது. ரத்தத்தைக் கழுவும். ஆனால் கையெழுத்துப் போடும் அதிகாரம் அதற்குக் கிடையாது. பாஸ்பரஸையும் முழுசாக வெளியேற்றாது. அதனால்தான் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கச் சொல்லி ஒரு மாத்திரை தருவார்கள். ஆபீஸ் கேன்டீனில் நாலு பேர் எதிரில் மாத்திரை விழுங்க எனக்கு வெட்கம். பாதி நாள் பேன்ட் பாக்கெட்டிலேயே இருந்து சலவைக்குப் போய்விடும். போதாக்குறைக்கு, கலர் கலராக கோலா வேறு. அதில் சேர்ப்பது பாஸ்பாரிக் அமிலம். அதுவும் பாஸ்பரஸ்தான்.

பாஸ்பரஸ் ஏறும். வைட்டமின் டி வேலை செய்யாது. அதனால் ரத்தத்தில் கால்சியம் இறங்கும். இந்த இடத்தில்தான் கதையின் வில்லன் வருகிறான்.

கழுத்தில் தைராய்டுக்குப் பின்புறம், அரிசி மணி அளவில் நாலு சுரப்பிகள் உண்டு. பெயர் பாராதைராய்டு. இதை முதலில் கண்டுபிடித்தது மனிதனிடத்தில் இல்லை. லண்டன் மிருகக்காட்சி சாலையில் செத்துப்போன ஓர் இந்தியக் காண்டாமிருகத்தை 1850 வாக்கில் ரிச்சர்ட் ஓவன் என்ற நிபுணர் அறுத்துப் பார்த்தபோது கண்ணில் பட்டது. மனிதனிடம் இருப்பதை 1880ல் எழுதியவர் ஐவார் ஸாண்ட்ஸ்ட்ரோம் என்ற ஸ்வீடன்காரர். ஆக, நம் ஊர்க் காண்டாமிருகம்தான் சீனியர்!

இந்த நாலு அரிசிக்கும் ஒரே வேலை. ரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்வது. இதயம் துடிக்க, தசை அசைய, நரம்பு பேச, எல்லாவற்றுக்கும் கால்சியம் வேண்டும். நம் உடம்பில் இருக்கும் கால்சியத்தில் 99 சதவிகிதம் எலும்பில் இருக்கிறது. எலும்பு என்பது ஃபிக்ஸட் டெபாசிட். ரத்தத்தில் ஓடுவது கைச்செலவுப் பணம். கைச்செலவுக்குக் குறைந்தால் பாராதைராய்டு மானேஜர் பி.டி.எச். என்ற ஹார்மோனை அனுப்பி டெபாசிட்டை உடைக்கிறார்.

அவசரத்துக்கு உடைக்கலாம். நாலு வருஷம் தினமும் உடைத்தால்?

என் நாலு மானேஜர்களும் நாலு வருஷம் இடைவிடாமல் ஓவர்டைம் பார்த்தார்கள். பார்த்துப் பார்த்து உடம்பும் பெருத்துவிட்டார்கள். அப்புறம் அக்காவின் கிட்னி வந்தது. எல்லா மேஜையும் நிரம்பியது. நியாயமாக ஓவர்டைமை நிறுத்த வேண்டும். பலருக்கு முதல் வருஷத்துக்குள் மெல்ல மெல்ல அடங்கிவிடுகிறது. ஆனால் அதிக வருஷம் டயாலிசிஸில் இருந்தவர்களில் சிலருக்கு அடங்குவதில்லை. ஓவர்டைம் பழகின செக்ஷன் லேசில் விடுமா? தேவை இருக்கிறதோ இல்லையோ, எலும்பை உடைத்துக்கொண்டே இருக்கும். ரத்தத்தில் கால்சியம் ஏறும். இதற்கு டெர்ஷியரி ஹைப்பர்பாராதைராய்டிசம் என்று பெயர். இதைத் தடுக்காமல் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

எனக்கு பி.டி.எச். 412. இருக்க வேண்டியது சுமார் 15லிருந்து 65க்குள். கால்சியம் அதற்குள் 11.6. டெக்ஸா என்று ஒரு ஸ்கேன், வலி கிடையாது, படுத்துக்கொண்டால் போதும். எலும்பின் அடர்த்தியை அளக்கும். என் வயசுக்காரனுக்கு இருக்க வேண்டியதைவிட ரொம்பக் குறைவு என்று சொல்லிவிட்டது. முப்பத்து நாலு வயசில் என் இடுப்பெலும்பு எனக்கு முன்னாலேயே ரிடையர் ஆகப் பார்த்தது!

* * *

திருடன் ஒருத்தன்தான் என்று நினைத்தேன். கிட்னி டாக்டர் சிரித்துவிட்டு ரெண்டாவது ஆளைக் காட்டினார். தினமும் காலையில் நானே மரியாதையாகத் தண்ணீர் ஊற்றி உள்ளே அனுப்புகிற ஆள். பிரெட்னிசலோன், ஸ்டீராய்டு.

1954ல் பாஸ்டனில் டாக்டர் ஜோசப் மர்ரே குழுவினர் முதல் வெற்றிகரமான கிட்னி மாற்று ஆபரேஷன் செய்தபோது, கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே அச்சான இரட்டையர். உடம்பு அன்னியம் பாராட்டவில்லை. நமக்கெல்லாம் அந்த யோகம் இல்லை. அக்காவே ஆனாலும் அக்கா வேறு, நான் வேறு. உடம்பின் எதிர்ப்பை அடக்க மருந்து வேண்டும். அதில் ஸ்டீராய்டு ஒரு முக்கியமான ஆள். கிட்னியைக் காப்பாற்றுகிறது, சந்தேகமே இல்லை. ஆனால் எலும்பு கட்டும் கொத்தனார்களை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. குடல் கால்சியத்தை உறிஞ்சுவதைக் குறைக்கிறது. டோஸ் அதிகமாக இருக்கும் முதல் வருஷத்தில்தான் எலும்பு அதிகம் கரைகிறது. சிலருக்கு இடுப்பு மூட்டுப் பந்துக்குப் போகும் ரத்த ஓட்டமே நின்று, அந்த எலும்பு பட்டுப்போவதும் உண்டு. ஆகவே மாற்று கிட்னிக்காரர் யாராவது "தொடை இடுக்குல வலிக்குது" என்றால், ஆபீஸ் நாற்காலியைத் திட்டிக்கொண்டு இருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

"அப்ப அந்த மாத்திரையை நிறுத்திட்டா?" என்று கேட்கத் தோன்றுகிறதா? எனக்கும் தோன்றியது, எலும்பு முறிவதற்கு முன்பே. அது வேறு ஒரு சுயநலம்.

ஆபரேஷன் ஆகி எட்டாம் மாசம் அம்மா பெண் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். கிட்னி விஷயத்தை மறைக்கக்கூடாது என்று அக்கா ஆர்டர். மறைக்கவில்லை. மறைக்க முடியாதது என் மூஞ்சி. ஸ்டீராய்டு புண்ணியத்தில் கன்னம் ரெண்டும் உப்பி, பௌர்ணமி நிலா மாதிரி. ஸ்டூடியோக்காரர் "சார், வாயில இருக்கறதை முழுங்கிட்டு வாங்க" என்றார். வாயில் ஒன்றும் இல்லை!

அடுத்த போட்டோவுக்குள் மூஞ்சி வடியட்டும் என்று ரெண்டு நாள் மாத்திரையை நிறுத்தினேன். மூன்றாம் நாள் ஆபீஸில் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் முன்னால் நின்றேன். என் பெயர் ரெண்டாகத் தெரிந்தது. கை கால் தொய்ந்து, வாந்தி வந்து, அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கிட்னிக்கு மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, தினமும் தானே கொஞ்சம் ஸ்டீராய்டு தயாரிக்கும். வெளியிலிருந்து மாத்திரையாக வந்துகொண்டே இருந்தால், 'அதான் வருதே' என்று அது தூங்கப் போய்விடுகிறது. திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் எழுந்திருக்கத் தெரியாது. ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து. போதாததற்கு, கிட்னியையும் உடம்பு தாக்க ஆரம்பிக்கலாம். டாக்டர் கை ஓங்காத குறை. "உங்க அக்கா வயித்தைக் கிழிச்சிக் குடுத்ததை, ஒரு போட்டோவுக்காகத் தூக்கிப் போடப் பார்த்தீங்களே சார்!"

பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து, குறைப்பதானாலும் கூட்டுவதானாலும் அவர் சொன்னால்தான். அந்த நிலா மூஞ்சி போட்டோதான் கடைசியில் பெண் வீட்டுக்குப் போயிற்று. "குழந்தை மாதிரி இருக்கார்" என்று ஒரு பெண் சரி சொல்லிவிட்டாள். இன்று வரை என்னைக் குழந்தை மாதிரிதான் மிரட்டுகிறாள்.

* * *

கல்யாணம் என்றதும் இளைஞர்கள் காதைத் தீட்டிக்கொள்வீர்கள். அந்த விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். டயாலிசிஸ் காலத்தில் பல ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைந்துவிடுகிறது. ஆசையும் குறையும், தெம்பும் குறையும், மனசும் குன்றிப்போகும். கிட்னி மாற்றிய பிறகு பலருக்குச் சில மாதங்களில் இது தேறிவிடுகிறது. சிலருக்குத் தேறாது. நான் ஒரு வருஷம் கேட்கக் கூச்சப்பட்டு, 'நமக்கு அவ்வளவுதான்' என்று சாமியார் ரேஞ்சுக்குப் போய்விட்டேன். கடைசியில், நர்ஸம்மா வெளியே போகும் வரை காத்திருந்து கேட்டேன். டாக்டர் "இதுக்கா இவ்வளவு நேரம் சீலிங் ஃபேனைப் பார்த்தீங்க?" என்று ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார். எனக்குத் தேறியிருந்தது. இப்போது மூன்று வயசில் ஒரு பெண் இருக்கிறாள் என்பதே அதற்கு அத்தாட்சி!

கூச்சம் மட்டும் பிரச்னை இல்லை. டெஸ்டோஸ்டிரோன் குறைந்தால் எலும்பும் தேயும். ஆக, கேட்காமல் இருப்பது கட்டிலுக்கு மட்டும் நஷ்டமில்லை, காலுக்கும் நஷ்டம்.

சர்க்கரையும் ஒரு ஹார்மோன் சமாசாரம்தான். ஸ்டீராய்டு இன்சுலினை வேலை செய்ய விடாது. டாக்ரோலிமஸ் என்ற இன்னொரு மருந்து இன்சுலின் சுரப்பதையே குறைக்கும். அதனால் முன்பு சர்க்கரை இல்லாதவருக்கும் மாற்று கிட்னிக்குப் பிறகு வரலாம். ஆபீஸில் யாருக்குப் பிரமோஷன் வந்தாலும் என் பங்கு மைசூர்பாகு இப்போது பியூனுக்கு.

* * *

கால் கட்டோடு வீட்டில் கிடந்தபோது ஊரே வைத்தியம் பார்த்தது. ஒருத்தர் ஆட்டுக்கால் சூப், ஒருத்தர் கொல்லிமலை முடவாட்டுக்கால் கிழங்கு, மாமி ஒருத்தி சம்மனில்லாமல் பிரண்டைத் துவையல். மெடிக்கல் ஷாப்காரர் டப்பா நிறைய கால்சியம் மாத்திரை. டாக்டரிடம் லிஸ்ட்டை ஒப்பித்தேன். "துவையலைத் தொட்டுக்கறதோட நிறுத்துங்க. மூலிகை கேப்ஸ்யூல், லேகியம் எதுவும் என்னைக் கேக்காம வேணாம், டாக்ரோலிமஸோட சண்டை போடலாம். கால்சியம் மாத்திரை இப்ப சாப்பிட்டா எரியற வீட்டுல எண்ணெய்."

முதலில் சினகால்செட் என்ற மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். பாராதைராய்டு மானேஜரிடம் 'பணம் போதும்' என்று சொல்லும் மாத்திரை. எட்டு மாதம் ஆகியும் என் ஆட்கள் சொன்ன பேச்சு கேட்கவில்லை. கழுத்தில் ஆபரேஷன்.

பயந்தேன். அப்போது படித்ததுதான் கேப்டன் சார்லஸ் மார்ட்டெல் கதை. அமெரிக்கக் கப்பல்காரர். இதே சுரப்பி கெட்டு, எலும்பெல்லாம் நொறுங்கி, உயரத்தில் ஏழு அங்குலம் குறைந்துபோனார். ஆறு தடவை ஆபரேஷன் செய்தும் கெட்ட சுரப்பி கிடைக்கவில்லை. ஏழாவது தடவை, 1932ல், நெஞ்சுக்குள் ஒளிந்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் காலம் கடந்துவிட்டது, சில வாரங்களில் இறந்துபோனார். எனக்கு இன்னும் ஓர் அங்குலம்கூடக் குறையவில்லையே என்று தைரியம் வந்தது.

நாலையும் எடுத்து, ஒரு துணுக்கை மட்டும் முன்கையில் பதித்தார்கள். மறுபடி வாலாட்டினால் கழுத்தை வெட்டாமல் கையிலேயே பிடித்துவிடலாமாம். அக்காவின் கிட்னி என் வயிற்றில், என் கழுத்துச் சுரப்பி என் கையில். என் உடம்பே டிரான்ஸ்ஃபர் ஆர்டரில் நடக்கிற கவர்ன்மென்ட் ஆபீஸ்!

மறுநாள் உதடும் விரல் நுனியும் எறும்பு ஊர்கிற மாதிரி மரத்தன. இத்தனை வருஷம் பட்டினி கிடந்த எலும்பு, ரத்தத்திலிருந்து கால்சியத்தை வாரி வாரி எடுத்துக்கொள்கிறதாம். நேற்று வரை கால்சியத்தைத் தொடாதே என்றவர்கள், இன்று வேர்க்கடலை மாதிரி மெல்லு என்றார்கள். இந்த டிபார்ட்மென்டில் எதிரும் புதிருமான சர்க்குலர் ஒரே நாளில் வரும். அதனால்தான் நாமாக எதையும் செய்யக்கூடாது.

இப்போது தினம் அரை மணி நடக்கிறேன். கால்சியம், பாஸ்பரஸ், பி.டி.எச்., வைட்டமின் டி, சர்க்கரை, எல்லா வரியையும் படிக்கிறேன். உங்கள் செக்ஷனிலும் கிட்னி மாற்றிக்கொண்ட ஒருத்தர் இருக்கலாம். ஸ்கோர் கேட்கும்போது, "எலும்பு எப்படி இருக்கு?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

* * *

கால் முறிந்ததையும் கழுத்து ஆபரேஷனையும் அக்காவிடம் நான் சொல்லவே இல்லை. அவள் கொடுத்ததில் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்வாளோ என்று பயம். எப்படியோ தெரிந்து, வந்து நின்றாள். கழுத்துத் தழும்பை விரலால் தொட்டுப் பார்த்தாள். நான் அரிசி மணி, காண்டாமிருகம் எல்லாம் சொல்லி, "உன் கிட்னி மேல தப்பு இல்லேக்கா. டயாலிசிஸ்ல ரொம்ப வருஷம் இருந்ததுனால வந்தது" என்றேன்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப முதல் மாசமே நான் குடுத்தப்ப வாங்கியிருந்தா?"

"வராமலே போயிருக்கலாம்."

"நாலு வருஷம் கெஞ்சினேனேடா!" என்றாள். கண் கலங்கியிருந்தது. என் மண்டையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். அப்புறம் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினாள். "பிரண்டைத் துவையல். வேண்டாம்னு மட்டும் சொல்லிப் பாரு."

சொல்வேனா? ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.